புகழ்பெற்ற கிடார் கலைஞர் மேடைக்கு வராவிட்டால் டிக்கெட் பணம் திரும்புமா?

கேள்வி: நான் லீட்ஸில் படிக்கும் மாணவன். எனக்குப் பிடித்த இண்டி ராக் குழுவில் மூன்றே பேர். போன வருடம் வரை நிகழ்ச்சி அன்று மாலை போனாலே வாசலில் டிக்கெட் கிடைக்கும். சில மாதங்களுக்கு முன் உலகப் புகழ்பெற்ற கிடார் கலைஞர் ஒருவர் நான்காவது ஆளாக அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார். இந்த முறை சில நிமிடங்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. டிக்கெட்டின் அசல் விலை 34 பவுண்டு. மறுவிற்பனைத் தளத்தில் 148 பவுண்டு கேட்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வாங்கிவிடலாமா? வாங்கிய பிறகு அவர் அன்று வாசிக்க வரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் முதல் கேள்விக்கான பதிலும் தானாக வந்துவிடும்.

பிரிட்டனில் பெரிய டிக்கெட் நிறுவனங்களின் விற்பனை நிபந்தனைகளைத் திறந்து பாருங்கள். நிகழ்ச்சியில் முக்கியமான மாற்றம் வந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று இருக்கும். அதற்குச் சற்றுக் கீழேயே எதெல்லாம் முக்கியமான மாற்றம் ஆகாது என்று ஒரு வரி வரும். முன்னால் வாசிக்கும் துணைக் குழு மாறுவது, திருவிழாக்களில் பட்டியல் மாறுவது, குழுவின் உறுப்பினர்கள் மாறுவது. மூன்றாவதுதான் உங்கள் விஷயம். நீங்கள் வாங்குவது அந்தக் குழுவின் பெயருக்கான டிக்கெட். அந்தப் பெயரில் ஒரு குழு மேடையேறி வாசித்துவிட்டால் விற்றவர் தன் வேலையை முடித்துவிட்டார். கிடார் கலைஞருக்குக் காய்ச்சல், மணிக்கட்டு வலி, வேறு ஒரு ஒலிப்பதிவு என்று என்ன காரணமானாலும் உங்களுக்கு வருவது ஒரு வருத்தச் செய்தி மட்டும்தான்.

அப்படியானால் அவசரப்பட்டுப் பார்க்க நினைப்பது தவறா? இல்லவே இல்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜானி மார் விஷயத்தைப் பாருங்கள். 2006-ல் அமெரிக்காவின் மாடஸ்ட் மவுஸ் குழுவில் சேர்ந்தார். அவரோடு சேர்ந்து செய்த ஆல்பம் 2007-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. பிறகு 2008-ல் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள வேக்ஃபீல்டின் த கிரிப்ஸ் குழுவில், மூன்று சகோதரர்களோடு நான்காவது ஆளாகச் சேர்ந்தார். 2009-ல் வந்த ஆல்பம் பிரிட்டனில் எட்டாம் இடம் பிடித்தது. 2011-ல் விலகிவிட்டார். பேருக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போகவில்லை, பாட்டு எழுதும் முழு உறுப்பினராகவே இருந்தார். ஆனாலும் அந்தக் கூட்டணியை மேடையில் பார்க்க ரசிகர்களுக்குக் கிடைத்தது சுமார் மூன்று வருடம்தான். இப்படிப்பட்ட சேர்க்கைகள் பெரும்பாலும் உண்மையானவை, ஆனால் நீண்ட நாள் நிற்பவை அல்ல. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். 34 பவுண்டில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் திரும்பாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் தெரியாமலே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்ன வார்த்தையை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் அந்த வார்த்தையும் ஒப்பந்தத்தின் பகுதியே என்கிறது. ஆகவே எல்லாம் விளம்பரத்தைப் பொறுத்தது. சுவரொட்டியில் குழுவின் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்குப் பிடிமானம் இல்லை. குழுவின் பெயரும் கீழே பொடி எழுத்தில் நான்கு உறுப்பினர்களின் பெயரும் இருந்தால் லேசான பிடிமானம். ‘இன்னாருடன் இணைந்து’ என்று அவர் பெயரையும் குழுவின் பெயர் அளவுக்கே பெரிதாகப் போட்டு, டிக்கெட் விற்ற பக்கத்திலும் அதே தலைப்பு இருந்தால், வாதாட நல்ல இடம் இருக்கிறது. அப்போது அவரும் சேர்ந்ததுதான் விற்கப்பட்ட நிகழ்ச்சி. உறுப்பினர் மாற்றம் என்ற பொது நிபந்தனையைக் காட்டி எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் வாங்கும் அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரமாட்டார் என்று செய்தி வந்ததும் அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். இன்னொன்று: வரமாட்டார் என்று தெரிந்தும் போய்ப் பார்த்துவிட்டு வந்து முழுப் பணம் கேட்டால் வாதம் பலவீனமாகிவிடும். போவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. இந்த விதிவிலக்கு டிக்கெட்டை நேரடியாக விற்றவரிடம் மட்டுமே பேசும். மறுவிற்பனைத் தளத்தில் 148 பவுண்டு கொடுத்தவருக்கு அசல் விற்பனையாளரோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது. வேறு ஒருவர் வாங்கிய டிக்கெட்டைத்தான் அவர் கையில் வைத்திருக்கிறார்.

நிகழ்ச்சியே ரத்தானாலும் இதே கதைதான். அசல் நிறுவனம் பணத்தை யாருக்குத் திருப்பும்? முதலில் வாங்கியவருக்கு, அதுவும் அசல் விலையை மட்டும். அந்த 34 பவுண்டு பிளாக்கில் விற்ற ஆளுக்குப் போகும், உங்களுக்கு அல்ல. உங்களுக்கு மிஞ்சுவது மறுவிற்பனைத் தளம் தன் உத்தரவாதத்தில் எழுதி வைத்திருப்பது மட்டுமே. ரத்தாகாமல் வேறு தேதிக்குத் தள்ளிவைத்தால் அந்த உத்தரவாதமும் பெரும்பாலும் கைகொடுக்காது.

‘கிரெடிட் கார்டில் வாங்கினால் 100 பவுண்டுக்கு மேல் வங்கி பொறுப்பேற்கும்’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் 1974-லிருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது தளத்துக்கு, டிக்கெட் தருவது வேறு ஆள். நடுவில் தரகர் வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் அறுந்துவிடும். வாங்கி 14 நாளுக்குள் மனம் மாறினால் திருப்பித் தரலாம் என்பதும் குறிப்பிட்ட தேதி போட்ட நிகழ்ச்சி டிக்கெட்டுக்குப் பொருந்தாது.

இந்த மறுவிற்பனைக்காரர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அந்த 148 பவுண்டு டிக்கெட் இப்போது விற்பவர் கையில் இருக்கிறதா என்பதே சந்தேகம். இல்லாத டிக்கெட்டைப் பட்டியலில் போட்டு, உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, நிகழ்ச்சி நெருங்கி விலை இறங்கும்போது வேறு எங்காவது வாங்கித் தருவது இவர்களுடைய பழைய வித்தை. விலை இறங்காவிட்டால் முந்தின நாள் ‘மன்னிக்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சட்டப்படி மறுவிற்பனைப் பட்டியலில் அசல் விலை, எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த இருக்கை, என்னென்ன கட்டுப்பாடுகள் எல்லாம் காட்ட வேண்டும். டிக்கெட்டுக்குத் தனி எண் இருந்தால் அதையும் தர வேண்டும். இவை இல்லாமல் சிவப்பு எழுத்தில் ‘இதை இன்னும் 11 பேர் பார்க்கிறார்கள்’ என்று மட்டும் துடிக்கும் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள்.

சமூக வலைத்தளத்தில் ‘எனக்கு வர முடியவில்லை, அசல் விலைக்கே தருகிறேன்’ என்று எழுதுபவர்களில் நல்லவர்களும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடிக்க முயலாதீர்கள். நண்பருக்குப் பணம் அனுப்பும் முறையில் போடுங்கள் என்று கேட்டாலே விலகிவிடுங்கள். அந்த முறையில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நான் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி பார்த்த காட்சி இது: ஸ்கேனர் சிவப்பு காட்டும், ‘ஏற்கெனவே உள்ளே போய்விட்டது’ என்று திரையில் வரும். எதிரில் நிற்கும் பிள்ளை கையில் பளபளவென்று அச்சடித்த தாள், அதே தாளின் நகல் அரை மணி முன்னால் வேறு ஒருவர் கையில் உள்ளே போயிருக்கும். தாளில் எந்தக் குறையும் இருக்காது. முதலில் வந்தவருக்குத்தான் கதவு திறக்கும். இப்போது பல டிக்கெட்டுகள் செயலிக்குள்தான் வருகின்றன. அதில் பட்டைக்குறி நகர்ந்துகொண்டே அல்லது மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு ஒருவர் அசையாத ஸ்கிரீன்ஷாட்டை விற்கிறார் என்றால் அவர் விற்பது வெறும் படம்.

இவ்வளவையும் ரசிகன் ஒருவனே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் இந்த அமைப்பின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 சட்டத்திலேயே குற்றம். இசை ரசிகன் என்ன பாவம் செய்தான்? கணினி நிரல்களை வைத்து வரம்புக்கு மேல் டிக்கெட் அள்ளுவதைத் தடுக்க 2018 வரை காத்திருந்தார்கள். அதே 2018-ல் வியாகோகோ என்ற மறுவிற்பனைத் தளம் விவரங்களை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்று போட்டி ஆணையம் நீதிமன்ற ஆணை வாங்க வேண்டியிருந்தது. 2020-ல் உங்கள் லீட்ஸ் நீதிமன்றமே இரண்டு பெரிய பிளாக் வியாபாரிகளைச் சிறைக்கு அனுப்பியது. 2024-ல் இன்னொரு வழக்கிலும் தண்டனை கிடைத்தது. ஆனால் இப்படிச் சிறைக்குப் போனவர்கள் சிலர்தான். அசல் விலைக்கு மேல் மறுவிற்பனையைத் தடை செய்யப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் அறிவிப்பு யாரையும் கதவருகே காப்பாற்றாது.

சரி, 34 பவுண்டில் எப்படிப் போவது? விற்றுத் தீர்ந்தது என்ற பலகை இறுதியானது அல்ல. மேடை எவ்வளவு இடம் பிடிக்கும், ஒலிக் கட்டுப்பாட்டு மேசை எங்கே வரும், எங்கிருந்து மேடை மறையும் என்பதெல்லாம் நிகழ்ச்சி நெருங்கும்போதுதான் முடிவாகும். அதற்காகவும், குழுவின் விருந்தினர்களுக்காகவும் ஒதுக்கி வைத்த டிக்கெட்டுகளில் மிஞ்சியவை கடைசி நாட்களில், சில நேரம் அன்று பிற்பகலில், சத்தமில்லாமல் விற்பனைக்கு வரும். அரங்கத்தின் சொந்தப் பக்கத்தையும் அசல் விற்பனை நிறுவனத்தின் பக்கத்தையும் கடைசி வாரம் காலை, மாலை பாருங்கள். அரங்கத்துக்கே போன் செய்து, ஒதுக்கிய டிக்கெட் திரும்பினால் எப்போது விற்பீர்கள் என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

இதோடு, வர முடியாதவர்கள் அசல் விலைக்கு மிகாமல் விற்கும் தளங்களும் உண்டு. ட்விக்கெட்ஸ் அப்படிப்பட்டது. டிக்கெட், டைஸ் (DICE) என்ற செயலியில் விற்கப்பட்டிருந்தால் அங்கேயே காத்திருப்போர் பட்டியல் இருக்கும். இரண்டிலும் அறிவிப்பு வரும்படி வைத்து, கார்டு விவரத்தை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். ஒற்றை டிக்கெட்டாகத் தேடுங்கள். ஜோடியாகத் தேடுபவர்களுக்குக் கிடைக்காதது தனியாகத் தேடுபவருக்குக் கிடைக்கும். மூன்று வாரம் முன்னால் இருக்கும் விலைதான் பெரும்பாலும் பயத்தின் விலை. அதே குழுவின் பக்கத்து ஊர் நிகழ்ச்சியையும் பாருங்கள். ஷெஃபீல்டும் மான்செஸ்டரும் ரயிலில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான்.

டிக்கெட் கிடைத்துவிட்டால் ஒன்று மட்டும். அந்தக் கலைஞருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். சின்ன அரங்கில் முன்னால் நிற்பவர் காதில் விழுவது எதிரே உள்ள ஆம்ப்ளிஃபயரின் சத்தம்தான். பாடகரின் குரல் தலைக்கு மேலே ஒலிபெருக்கியிலிருந்து பின்னால் போய்விடும். இந்தக் குழுவில் இப்போது இரண்டு கிடார். இரண்டும் ஒன்றோடொன்று பின்னுவதைக் கேட்கத்தானே இந்தப் பாடு? அறையின் நடுவில், ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்கு ஒரு கை தூரம் முன்னால் நில்லுங்கள். ஒலியைச் சரிசெய்பவர் தன் காதை நம்பி எல்லாவற்றையும் அளந்து கலப்பது அந்த இடத்திலிருந்துதான். காதடைப்பான் எடுத்துப் போங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், எல்லோரும் மேடையை நோக்கி ஓடியிருப்பார்கள்.