மழையில் வண்டி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: கொட்டுகிற மழையில்கூட ஒழுங்காக வரும் என் ஸ்கூட்டர், சும்மா தூறலுக்குச் சறுக்குகிறது. டயர் புதுசுதான். என்ன கோளாறு?
(வாசகி, தக்கலை)

பதில்: கோளாறு வண்டியில் இல்லை, சாலையில். வெயில் நாட்களில் தாரில் படிந்த ஆயிலும் டயர்த் தூளும் புழுதியும் தூறலில் குழைந்து வழவழப்பாகிவிடும். பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போகும். தூறல் குழைப்பதோடு சரி. முதல் அரைமணி நேரம் ஓரிடத்தில் ஒதுங்கி நிற்பது நல்லது. முடியாதென்றால் பஸ் நிறுத்தம், பெட்ரோல் பங்க் வாசல், சிக்னல் பக்கம் வேகத்தைக் குறையுங்கள். ஆயில் அதிகம் சொட்டுவது அங்கேதான்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தோட்டச் சாலைகளில் இன்னொரு தொல்லை. தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் மரங்கள் நோய் பிடித்துப் பச்சை இலைகளையே உதிர்க்கும். நனைந்த அந்த இலைப் படுகையில் வளைவுக்குள் பிரேக் பிடித்தால் வண்டி படுத்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு இவற்றை வண்டியைச் சாய்க்காமல் கடக்கவும். 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது சிபிஎஸ். இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போகும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. அது ஏபிஎஸ் செய்கிற வேலை.

கேள்வி: காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலையில் 90-ல் வரும்போது, தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப் போனது. ஏன்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: டயர் தாரை விட்டுத் தண்ணீர் மேல் மிதந்திருக்கிறது. டயரின் பள்ளங்கள் வெளியே தள்ளுவதைவிடத் தண்ணீர் அதிகமாக வந்தால் இப்படித்தான் ஆகும். அந்த நொடியில் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் டயர் மறுபடி சாலையைப் பிடிக்கும்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம்மூர் மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலைப் பள்ளத்தில் செருகிப் பார்க்கலாம். ஆனால் பூஜ்யம் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், அந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ‘மழைக்குக் காற்றைக் குறைத்து ஓட்டு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும்.

கேள்வி: சப்பாத்தில் (தரைப்பாலத்தில்) தண்ணீர் ஓடும்போது காரில் போகலாமா? நடுவில் ஆஃப் ஆகிவிட்டால்?
(வாசகர், குழித்துறை)

பதில்: போகாதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்ன காரைத் தூக்கிவிடும். பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால், உங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் மட்டம் ஏறும். போகும்போது கணுக்கால் அளவு இருந்தது திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தெருவில் தேங்கிய தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருகாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேட்டுக்குத் தள்ளி வைத்து மெக்கானிக்கை அழையுங்கள். இந்தச் சேதத்துக்குச் சாதாரண காப்பீடு பெரும்பாலும் பணம் தராது, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நிற்காமல் கரையேறிவிட்டால், மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை நாலைந்து தடவை லேசாக மிதித்துக் காயவையுங்கள்.

கேள்வி: மழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டு ஓட்டலாமா?
(வாசகர், கருங்கல்)

பதில்: கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. லோ பீம் ஹெட்லைட் போதும்.