முதல் அங்கத்தில் ஆட்களை நிறுத்துவது எப்படி: கேள்வி பதில்

நாடகம் எழுதப் பழகுகிறவர்களின் கைப்பிரதிகளைப் பல வருஷமாகப் படித்துத் திருத்தி வருகிறேன். பெரும்பாலானவை முதல் பத்துப் பக்கத்திலேயே தடுமாறுகின்றன. அதனால் இன்றைக்கு முதல் அங்கம் மட்டும். அதில் ஒரு பாத்திரம் எப்படி ஆளாகிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் இப்சனின் 'பொம்மை வீடு' என்கிறீர்களே, சார். அதன் தொடக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அம்மா, இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் அது. கதை கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தொடங்குகிறது. நோரா கைநிறையப் பொட்டலங்களோடு வீட்டுக்குள் வருகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வந்த கூலிக்காரனிடம் எவ்வளவு என்று கேட்கிறாள். ஐம்பது ஓரே என்கிறான். ஒரு குரோனர் கொடுத்து, மிச்சத்தை நீயே வைத்துக்கொள் என்கிறாள். நூறு ஓரே ஒரு குரோனர். அவன் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறாள்.

அடுத்து, பையிலிருந்து மக்ரூன் எடுத்து ஒன்றிரண்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். நம் தூத்துக்குடி மக்ரூன் முந்திரியில் செய்வது, அது பாதாமில் செய்வது. தின்றுகொண்டே பூனைபோல நடந்து போய்ப் புருஷனின் அறைக் கதவில் காது வைக்கிறாள். உள்ளே இருந்து ஹெல்மர் 'வானம்பாடி' என்றும் 'அணில்' என்றும் கொஞ்சுகிறான். வந்து பாருங்கள், என்னென்ன வாங்கியிருக்கிறேன் என்கிறாள் நோரா. தொந்தரவு செய்யாதே என்கிறான். ஆனால் 'வாங்கினேன்' என்ற சொல் அவன் காதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பேனாவும் கையுமாகக் கதவைத் திறந்து, வாங்கினாயா, இத்தனையுமா என்கிறான். அதற்குள் நோரா பையை ஒளித்து வாயையும் துடைத்தாயிற்று. பிறகு, இனிப்பு தின்றாயா என்று அவன் கேட்கும்போது இல்லவே இல்லை என்கிறாள்.

இவ்வளவும் சில நிமிஷத்தில் நடந்துவிடுகிறது. இவள் தாராளமானவள், பயந்தவள், கூசாமல் பொய் சொல்கிறவள். அவனுக்குக் கொஞ்சலும் கணக்கும் ஒரே வாயில் வரும். இதில் ஒன்றையாவது யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா?

அந்த மக்ரூனை இப்சன் அங்கேயே விட்டுவிடவில்லை. டாக்டர் ராங்க் அதைப் பார்த்துக் கேட்கும்போது, தோழி லிண்டே கொண்டுவந்தாள் என்று தோழியின் எதிரிலேயே சொல்கிறாள். அங்கத்தின் பிற்பகுதியில் நோராவுக்குக் கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் வந்து கடன் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறான். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அவள் அப்பா இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்தின் தேதியோ அக்டோபர் 2. இவளா அப்பாவின் கையெழுத்தைப் போட்டாள் என்று அப்போது நமக்கு அதிர்ச்சி வருவதில்லை, வயிற்றில் ஒரு பயம்தான் வருகிறது. வாயைத் துடைத்த கையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு ஆள் யார் என்பது, அவர் யாரிடமிருந்து எதை மறைக்கிறார் என்பதில் தெரியும்.

கேள்வி: முதல் காட்சியில் எத்தனை பாத்திரங்கள் வரலாம்?

பார்க்கிறவருக்குக் குழப்பம் வராத அளவுக்கு. எண்ணிக்கை எதுவும் கிடையாது.

கேள்வி: இரண்டு வேலைக்காரர்கள் முதலாளியைப் பற்றிப் பேசிக்கொள்வதாகத் தொடங்கியிருக்கிறேன். சரியா, ஐயா?

அவர்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை நமக்காகப் பேசினால் தப்பு. வெட்டிவிடுங்கள்.

அடுத்தவர்கள் பேச்சாலேயே ஒருவரைக் கட்ட முடியாது என்று சொல்ல வரவில்லை. மோலியேரின் 'தார்த்யூஃப்' இருக்கிறதே, அதில் தார்த்யூஃப் மேடைக்கு வருவதே மூன்றாம் அங்கத்தில்தான். அதுவரை வீடே அவனைப் பற்றித்தான் பேசுகிறது. முதல் அங்கத்தில் வெளியூரிலிருந்து திரும்பிய ஓர்கோனிடம், உங்கள் மனைவிக்குக் காய்ச்சல், தலைவலி என்கிறாள் பணிப்பெண் தோரீன். 'தார்த்யூஃப் எப்படி இருக்கிறார்?' என்கிறான் அவன். கொழுகொழு என்று இருக்கிறார், இரண்டு கவுதாரியும் பாதி ஆட்டுத்தொடையும் சாப்பிட்டார் என்கிறாள். 'ஐயோ பாவம்!' என்கிறான். மனைவியின் அவஸ்தையை அவள் சொல்லச் சொல்ல இதே கேள்வி நான்கு முறை, இதே 'ஐயோ பாவம்' நான்கு முறை. பேச்சு தார்த்யூஃபைப் பற்றியது. தெரியவருவது ஓர்கோன். உங்கள் வேலைக்காரர்கள் பேசும்போது யார் தெரியவருகிறார் என்று பாருங்கள். யாரும் தெரியவில்லை என்றால் அந்தப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: பாத்திர அறிமுகத்துக்கு எந்த விளக்கு பொருத்தமாக இருக்கும்?

ஒளியமைப்பாளரைக் கேளுங்கள். என் துறை இல்லை.

கேள்வி: பாத்திரப் பட்டியலில் 'முன்கோபி, ஆனால் உள்ளுக்குள் இளகிய மனசு' என்று எழுதினால் நடிகருக்கு உதவுமே?

உதவாது. அடைப்புக்குறிக்குள் எழுதிய குணம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. அதை எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் நீங்களும் அதைக் காட்சியில் எழுதாமல் விட்டுவிடுவீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: உங்கள் விதி கூத்தில் செல்லாது. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றே தன் பெருமையைத் தானே பாடுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேட்டால் 'நான் இன்னார்' என்கிறான். எங்கள் ஆரணிப் பக்கம் சனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நல்ல கேள்வி, அண்ணே. துரியோதனன் யார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பாட்டு தகவல் சொல்ல வரவில்லை. இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, சலங்கைச் சத்தம் முதலில் வருகிறது. கிரீடமும் புஜக்கட்டையும் அப்புறம்தான். அந்தக் காத்திருப்பில் ராஜா பெரிசாகிறான். வெளியே வந்ததும் கட்டியக்காரன் கேலி பேசி ஒரு படி இறக்குகிறான். அந்தக் கேலியை ராஜா எப்படி வாங்கிக்கொள்கிறான் என்பதில் ஆள் தெரிகிறான். பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போதுதான் ஒருவர் தெரிவார் என்பது அங்கேயும் பொருந்துகிறதே.

அதே அண்ணன்: கூத்தை உங்கள் விதிக்குள் திணிக்கிறீர்கள். கட்டியக்காரன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, திரைக்குள் அவன் போடும் அடவிலேயே துரியோதனன் வந்துவிட்டான். பக்கத்தில் ஆள் எதற்கு?

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. இப்சன் மக்ரூனில் செய்ததைக் கூத்துக்காரர் காலில் செய்கிறார். மறைப்பது, பக்கத்து ஆள் என்று நான் சொல்வதெல்லாம் வசன நாடகத்துக்கு. அதைப் பொது விதிபோலப் பேசியது என் தவறு. ஒன்றை மட்டும் விடமாட்டேன். கூத்தைப் பார்த்து, வசன நாடகத்தில் 'நான் ஒரு நேர்மையான அதிகாரி' என்று பாத்திரத்தைத் தன்னைப் பற்றிப் பேசவிடாதீர்கள். அடவும் பாட்டும் முகவீணையும் இல்லாத இடத்தில் அந்த வரி தனியாக நின்று தவிக்கும்.

இன்னொருவர்: ஸ்பெஷல் நாடகத்தில் கதைக்கு முன்னாலேயே பபூன் தனியாக வந்து பேசுவாரே? என் மாமா ராஜபார்ட் போட்டவர். பபூன் கூட்டத்தைப் பழக்கி வைத்தால்தான் எனக்குப் பாதி வேலை மிச்சம் என்பார்.

உங்கள் மாமா சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு இரவே சேர்ந்து ஆடுகிறவர்கள். அங்கே முதலில் உருவாக வேண்டிய பாத்திரம் கூட்டம்தான். ஆரணி அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

ஆரணி அண்ணன்: எங்கள் கட்டியக்காரனும் முதலில் வந்து அதைத்தான் செய்கிறான்.

ஆமாம். நான் அவனை ராஜாவுக்குப் பக்கத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கதாநாயகன் முதல் காட்சியிலேயே வரவேண்டுமா?

கட்டாயமில்லை. ஹாம்லெட் இரண்டாம் காட்சியில்தான் வருகிறான். முதல் காட்சியில் காவல் மாற்ற வருகிறவன் 'யாரது?' என்கிறான். காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த ஊரே பயத்தில் இருப்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஹாம்லெட்டும் அரசவையில் கறுப்பு உடையில் பேசாமல்தான் நிற்கிறான்.

கேள்வி: முதல் காட்சியில் எத்தனை பேர் இருந்தால் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முதல் காட்சியில் நண்பர்கள் இருவர் நாயகனைப் பற்றிப் பேசலாமா?

வேலைக்காரர்களுக்குச் சொன்னதைப் படியுங்கள். நண்பர்கள் என்று மாற்றினாலும் அதே தப்புதான்.

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ரொம்பக் கண்டிப்பானவர். மகளுக்குத் தெரியாமல் ஊரெல்லாம் கடன். தொடக்கத்தில் ஒழுக்கம் பற்றி அவர் இரண்டு பக்கம் பேசுகிறார். நீளமாகத் தெரிகிறது, ஐயா.

தம்பி, பேச்சை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள். காலையில் பால்காரர் மாதக் கணக்குச் சீட்டோடு வந்து நிற்கிறார். ஆசிரியர் சட்டைப் பையைத் தடவுகிறார், நாளைக்கு வரச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்துச் சீட்டிலிருக்கும் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார். உள்ளே மகளின் காலடிச் சத்தம் கேட்கிறது. சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

அந்த ஒழுக்கப் பேச்சைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மகள் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு, இரண்டாம் அங்கத்தில் அவரைப் பேச வையுங்கள்.