வாய்க்காலில் இறங்கும் பூடில் கலப்பு நாயும் ஓயாத காது நோயும்

கேள்வி: கோபிசெட்டிப்பாளையத்தை அடுத்து, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பயிரிடுகிறேன். பெங்களூரில் மகள் வாங்கிய, காக்கர் ஸ்பேனியலுக்கும் பூடிலுக்கும் பிறந்த ஒன்றரை வயது ஆண் நாய் ஆறு மாதங்களாக எங்கள் தோட்டத்தில் வளர்கிறது. இரண்டு காதுகளிலும் பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் வருவது இது மூன்றாவது முறை. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டால் நான்கு நாளில் அடங்குகிறது. அடுத்த மாதமே திரும்பிவிடுகிறது. காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்கினால் சரியாகும் என்கிறார்கள். பிடுங்கலாமா? இதைவிட நல்ல சொட்டு மருந்து உண்டா? கலப்பு நாய்க்கு நோய் அண்டாது என்று சொல்லித்தான் விற்றார்கள். இரவில் மாட்டுத் தொழுவத்தில் கட்டுகிறோம். உண்ணிக்கு மாட்டு மருந்தையே பூசுகிறோம்.

பதில்: முடியைப் பிடுங்க வேண்டாம். வீங்கியிருக்கும் காதில் முடியைப் பிடுங்கினால் ஒவ்வொரு முடி வேரும் ஒரு சிறு புண்ணாகிவிடும். துவாரத்தையே அடைக்கும் அளவுக்கு முடி இருந்தால், புண் ஆறிய பிறகு மருத்துவர் சிறிது நீக்கிவிடுவார்.

ஒரு காதில் மட்டும், அதுவும் திடீரென்று வந்திருந்தால் புல்முள் ஏதோ உள்ளே போயிருக்கும் என்று சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டு காதிலும் பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஈரத்தில் பெருகும் ஈஸ்ட் பூஞ்சையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நாயின் காதுத் துவாரம் நேராகப் போகாமல் கீழே இறங்கி உள்நோக்கி மடங்குவதால், வாய்க்காலில் குதிக்கும்போது புகும் தண்ணீர் எளிதில் வெளியேறுவதில்லை. அதன்மேல் காக்கர் ஸ்பேனியலின் தொங்கு காது மூடி போட்டதுபோல் விழுந்து கிடக்கிறது. எனவே வாய்க்காலிலிருந்து ஏறியதும் காது மடலைத் திருப்பிப் போட்டு, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் தூரம் வரை துடையுங்கள். பட்ஸ் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்; எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். உணவு ஒவ்வாமையோ தோல் ஒவ்வாமையோ அடியில் இருந்தாலும் காது இப்படித்தான் திரும்பத் திரும்பக் கெடும் என்பதால், பாதங்களை ஓயாமல் நக்குகிறதா என்றும் கவனியுங்கள்.

கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டு, நுண்ணுயிர்க்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றும் கலந்ததாக இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்குவதால் நோய் போய்விட்டதாக நினைத்து நீங்கள் நிறுத்துகிறீர்கள். மிஞ்சிய கிருமி அடுத்த மாதம் திரும்புகிறது, கடைக்காரருக்கு அடுத்த புட்டி விற்கிறது. செவிப்பறை கிழிந்திருக்கும் காதில் சில மருந்துகள் விழுந்தால் கேட்கும் திறனே போகலாம். கருவி வைத்து உள்ளே பார்க்காமல் மருந்து எடுத்துக் கொடுப்பவரை நான் மருந்துக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி சீப்பைப் பற்றியது. கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. இந்தக் கலப்பில் பல நாய்களுக்கு முடி வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். முடி கொட்டாது, பராமரிப்பு வேண்டாம் என்று விற்கிறார்களே, அதில் முதல் பாதி ஓரளவு உண்மை. அந்த உண்மையே இரண்டாம் பாதியைப் பொய்யாக்குகிறது. மேலே பஞ்சுபோல் தெரியும் நாயின் காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் இடுக்கிலும், தொடை இடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள். கம்பளித் துண்டுபோல் சடை தட்டுப்படும். ஒரு முறை, வேறொரு வீட்டு நாயின் காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலச் சடையை நான் மெஷினால் வழித்து எடுத்தபோது, அடியில் தோல் வெந்ததுபோல் சிவந்து, ஓரத்தில் புழு வைக்கத் தொடங்கியிருந்தது. தினமும் மடியில் வைத்துக் கொஞ்சிய அந்த வீட்டார் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மிருதுவான பிரஷ் மேல் முடியை மட்டும் அழகாக்கும். அகலப் பல்லும் நெருக்கப் பல்லும் கொண்ட இரும்புச் சீப்பு ஒன்று வாங்கி, முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் தெரியும் இடத்திலிருந்து நுனி வரை, வயலில் சால் பிடிப்பதுபோல் வரிசை வரிசையாகச் சீவ வேண்டும். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே சடை இருக்கிறது. நனைந்தால் சடை இன்னும் இறுகும் என்பதால் குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், சடையோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். தோட்டத்து நாய்க்கு நீண்ட முடி எதற்கு? ஆறு வாரத்துக்கு ஒரு முறை மெஷினால் விரற்கடை உயரத்துக்குக் குறைத்து, காது மடலின் உட்பக்கத்தையும் விரலிடுக்கையும் ஒட்ட வெட்டிவிட்டால், காதில் காற்றுப் படும், உண்ணியும் கண்ணுக்குத் தெரியும்.

காதை விட எனக்குக் கவலை தருவது, கடைசி வரியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் உண்ணிதான். மாட்டு மருந்தைக் கையளவில் கலந்து பூசும்போது சுருள் முடி அதைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, நாய் நக்குகிறது. மாட்டு உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் அமிட்ராஸ் என்ற நச்சு அளவு மீறினால் நாய் தள்ளாடி மயங்கும். மாட்டில் பெரிதும் காணப்படும் உண்ணி குஞ்சிலிருந்து முதிர்வது வரை ஒரே மாட்டின் மேல் காலம் தள்ளும். பழுப்பு நாய் உண்ணி அப்படியல்ல. ஒவ்வொரு பருவத்திலும் இறங்கிச் சுவர் வெடிப்பில் தோலுரித்து மறுபடி ஏறும், ஆயிரக்கணக்கில் முட்டையையும் அங்கேதான் இடும். தொழுவச் சுவரின் வெடிப்பைப் பூசி அடைக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. நாயின் எடைக்கு ஏற்ற உண்ணி மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், காபி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா என்ற இரத்த நோய்கள் தவணை கொடுக்காது.

நோய் அண்டாது என்று விற்றவர் வீரிய ஒட்டுச் சோளத்தின் கணக்கை நாய்க்குப் போட்டிருக்கிறார். விழித்திரை மெல்ல நலிந்து பார்வை போகும் ஒரு மரபு நோய்க்கான அதே மரபணுப் பிழை காக்கரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. தாய், தகப்பன் இரண்டும் நோயில்லாமல் அந்தப் பிழையை மட்டும் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இருட்டில் படியிறங்கத் தயங்குகிறதா என்று பாருங்கள். இனச்சேர்க்கைக்கு யாராவது கேட்டால், மரபணுச் சோதனை முடியாமல் விடாதீர்கள்.

இந்த வாரமே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். போவதற்கு முன் இரண்டு நாள் காதில் எந்த மருந்தும் விடாமல், அழுக்கைத் துடைக்காமல், வாய்க்காலுக்கும் விடாமல் அப்படியே கொண்டுபோனால்தான் கண்ணாடிச் சில்லில் தேய்த்து எந்தக் கிருமி என்று பார்க்க முடியும். இதுவரை விட்ட சொட்டு மருந்தின் புட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.