இரும்பு 2+ அயனி: முதலில் போவது 4எஸ்

தம்பி, சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு படிப்பதாகவும், இரும்பு 2+ அயனிக்கு (இரண்டு எலக்ட்ரானை இழந்த இரும்பு அணு) 3டி⁴ 4எஸ்² என்று எழுதி மதிப்பெண் போனதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். 3டி, 4எஸ் என்பவை அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் துணைக்கூடுகள், மேலே உள்ள சிறு எண் அதில் எத்தனை எலக்ட்ரான் என்பது. ‘கடைசியாக நிரம்பியதுதானே முதலில் போகணும்?’ என்ற கேள்வி நல்ல கேள்வி.

பொட்டாசியம், கால்சியம் வரைக்கும் 4எஸ்தான் 3டியைவிட ஆற்றல் குறைந்தது. ஸ்காண்டியத்திலிருந்து நிலைமை மாறுகிறது. அணுக்கருவின் மின்சுமை ஏற ஏற 3டி உள்ளே இழுபட்டு, ஆற்றலில் 4எஸுக்குக் கீழே போய்விடும். வெளியே நிற்பது 4எஸ்தான், அதனால் அதுவே முதலில் கழலும். இரும்பு 3டி⁶ 4எஸ்² என்றால் 2+ அயனி 3டி⁶, 3+ அயனி 3டி⁵.

சான்று வேண்டுமா? மாங்கனீஸ் 2+ஐப் பாருங்கள். உங்கள் முறைப்படி 3டி³ 4எஸ்², அதாவது இணையாத (ஜோடி சேராத) எலக்ட்ரான் 3. இணையாத எலக்ட்ரான் கூடக் கூட, அயனியின் காந்த வலிமையைக் காட்டும் காந்தத் திருப்புத்திறனும் கூடும். 3 என்றால் அது சுமார் 3.9 போர் மேக்னட்டான் (அதன் அலகு) வரணும். அளந்தால் வருவது சுமார் 5.9. அது 5 இணையாத எலக்ட்ரானுக்கு உரியது, ஆக 3டி⁵. இரும்பு 2+ல் இந்தச் சோதனை உதவாது, இரண்டு முறையிலும் இணையாத எலக்ட்ரான் 4தான் வரும்.

ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பால் சேர்க்கும் இடத்தில் செம்புப் பாத்திரம் ஆகாது என்பார்களே, அதற்கும் இதில் பங்குண்டு. செம்பு அயனி 3டி¹⁰க்கும் (1+) 3டி⁹க்கும் (2+) மாறி மாறிப் போய் ரப்பரின் ஆக்சிஜனேற்றத்தைத் துரிதப்படுத்தும், ரப்பர் பிசுபிசுத்துப் போகும்.

சரி, தேர்வில் முதலில் நடுநிலை அணுவை எழுதுங்கள், அப்புறம் 4எஸை அடியுங்கள். குரோமியத்தில் 3டி⁵ 4எஸ்¹ என்றும் செம்பில் 3டி¹⁰ 4எஸ்¹ என்றும் தொடங்கணும். குரோமியம் 3+ அயனி 3டி³.