ஒரே கணக்கியல் பட்டம், கையில் இரண்டு கடிதம்: யுகேஎம்மா, மலாயாவா?

கேள்வி: பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக வேலை செய்கிறேன். மகள் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்துவிட்டாள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சேர்க்கை முறையான யுபியு மூலம் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் (யுகேஎம்) கணக்கியல் கிடைத்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகமும் நேரடிச் சேர்க்கையில் அதே படிப்புக்கு இடம் தந்திருக்கிறது. “மலாயா கிடைச்சும் விடுறதா?” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என் ஊழியர் சேமநிதிப் (இபிஎஃப்) பணத்தை எடுத்து மலாயாவுக்குக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. மகளை யுகேஎம்முக்கு அனுப்புங்கள். மலாயா மட்டமென்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் நல்ல அரசுப் பல்கலைக்கழகங்கள்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு கடிதங்களும் ஒரே வாசல் வழியாக வந்தவை அல்ல.

யுபியு தருவது அரசு மானியம் உள்ள இடம். நேரடி வழியில், மலாயாவில் ‘சாத்து’ என்று சொல்கிறார்களே அதில், மானியம் கிடையாது. முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில்தான். யுபியு மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு வரும். அதே வகுப்பு, அதே விரிவுரையாளர், அதே தேர்வு. கட்டண ரசீது மட்டும் வேறு. கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் கட்டண அட்டவணை இருக்கும். முதல் பருவத் தொகையோடு நின்றுவிடாமல், எல்லாப் பருவத்துக்கும் கூட்டிப் பாருங்கள்.

யுபியுவில் மலாயா கிடைக்காததற்காகப் பிள்ளையைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று மெரிட் போட்டு, அவள் நிரப்பிய வரிசையையும் பார்த்து ஓர் இடம்தான் கொடுப்பார்கள். 2025இல் எஸ்டிபிஎம்மில் முழு மதிப்பான 4.00 எடுத்த மாணவருக்கே மலாயாவில் கணக்கியல் கிடைக்காமல் போய்ப் பெரிய விவாதமானதே, நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

சரி, பட்டத்துக்கு மதிப்பு எங்கே என்று கேட்பீர்கள். மலேசியாவில் ‘அக்கவுண்டன்ட்’ என்று பெயர் போட்டுக்கொள்ள 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏவில் பதிய வேண்டும். எந்தெந்தப் பட்டம் செல்லும் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மலாயாவும் யுகேஎம்மும் இரண்டுமே இருக்கின்றன. எதில் படித்தாலும், பட்டம் வாங்கி மூன்று வருடம் பொருத்தமான வேலை அனுபவம் சேர்த்தால் பதியலாம். யுகேஎம் பட்டதாரி இன்னொரு தேர்வு எழுத வேண்டியதில்லை. கூடுதல் பணம் கட்டி மலாயாவில் படித்தவர் ஒரு நாள் முன்னதாகவும் பதிய முடியாது. எனக்கு இது ஒன்றே போதும், முடிவு சொல்ல.

தரவரிசை விஷயம் உங்கள் சொந்தக்காரர்கள் வாயில் கட்டாயம் வரும். 2025 கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் மலாயா 60ஆவது இடம், யுகேஎம் 138ஆவது இடம். ஆனால் அந்தப் பட்டியலில் பாதி மதிப்பெண் கல்வியாளர்களிடையே உள்ள பெயருக்கும் ஆய்வு மேற்கோள்களுக்கும் போகிறது. வேலை கொடுப்பவர்களின் கருத்துக்கு 15 விழுக்காடு. முதல் வருடம் டெபிட், கிரெடிட் படிக்கப் போகிற பெண்ணுக்கு ஆய்வு மேற்கோள் எதற்கு? பெரிய தணிக்கை நிறுவனங்கள் நான்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன, இரண்டு வளாகங்களிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. அங்கே மகள் நேர்முகத்தில் பேசும் ஆங்கிலமும் அவளுடைய பட்டப்படிப்புச் சராசரியான சிஜிபிஏவும்தான் எடுபடும்.

பின்னால் ஏசிசிஏ என்ற அனைத்துலகக் கணக்காளர் தேர்வை எழுத நினைத்தால், மொத்தம் 13 தாள். பட்டத்தைப் பொறுத்து அதிகபட்சம் ஒன்பது தாளுக்கு விலக்கு கிடைக்கும், ஒவ்வொரு விலக்குக்கும் கட்டணம் உண்டு. யுகேஎம் கணக்கியலுக்கு இந்த ஆண்டு எத்தனை என்று ஏசிசிஏ இணையத்தளத்திலேயே மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போக்குவரத்தில் மலாயாவுக்குத்தான் வெற்றி, மறுக்க மாட்டேன். சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, எல்ஆர்டியில் யுனிவர்சிட்டி நிலையம், அங்கிருந்து பஸ். யுகேஎம்முக்குக் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் மாறி, காஜாங்குக்கு அடுத்த இரண்டாவது நிறுத்தம் வரை போக வேண்டும். 50 வெள்ளி மாதப் பாஸ் எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேபிட் பஸ்ஸுக்குச் செல்லும், கொமுட்டருக்குச் செல்லாது. ஆனால் விடுதியில் இருக்கிற பிள்ளை தினமும் ரயில் ஏறப் போவதில்லை. பின்னால் வெளியில் அறை எடுக்க நேர்ந்தால், யுகேஎம் பக்கமுள்ள பாங்கியும் காஜாங்கும் மலாயாப் பக்கமுள்ள பங்சாரைவிடக் கையைக் கடிக்காது. காஜாங்கில் தமிழ்க் கடைகளுக்கும் குறையில்லை.

இபிஎஃப்புக்கு வருகிறேன். பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு, இபிஎஃப்பின் ஒரு பிரிவான செஜாத்ரா கணக்கிலிருந்து. 2024 மே மாதம் முதல் உங்கள் சந்தாவில் 15 விழுக்காடு அதில் போய்ச் சேருகிறது. தோட்டத்துச் சம்பளத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதை ஒரு பெயருக்காகத் துடைத்தெடுக்காதீர்கள். வீட்டில் அடுத்த பிள்ளை இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

யுகேஎம்முக்கு அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் போதும். அந்தக் கடனுக்குச் சேவைக் கட்டணம் வருடத்துக்கு ஒரு விழுக்காடுதான். மகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் இப்போதே திறக்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் விண்ணப்பமே போகாது. நீங்கள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான எஸ்டிஆர் உதவி வாங்குபவராக இருந்தால் அந்த ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள், கடன் தொகை அதைப் பொறுத்தது.

ஒரு நிலைமையில் மட்டும் நான் மாற்றிச் சொல்வேன்: மலாயாவின் முழுக் கட்டணத்தையும் ஏற்கும் உபகாரச் சம்பளம் எழுத்தில் கையில் வந்திருந்தால். ‘வந்துவிடும்’ என்ற வாய்ச்சொல் கணக்கில் சேராது. “முதலில் யுகேஎம்மில் சேர்ந்து அப்புறம் மலாயாவுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பித் திட்டம் போட வேண்டாம், அப்படி மாறுவது லேசில் நடக்காது.

யுபியு கடிதத்தில் ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் இருக்கும். அதற்குள் இணையத்தில் ‘தெரிமா’ (ஏற்கிறேன்) அழுத்தாவிட்டால் இடம் போய்விடும், பிறகு முறையீட்டில் அதே படிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தக்காரர்களுக்குப் பதில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.