போஸ்டர் டிசைன் புராஜெக்டுக்கு மொபைல் போனை மட்டும் வைத்துச் சோதனை செய்தால் ஏற்றுக்கொள்வார்களா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வகுப்பில் மற்றவர்களிடம் நல்ல கேமரா இருக்கிறது, உங்களிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. நானும் அந்த இடத்தில் இருந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் கேமரா இல்லாத குறைக்குப் போன் என்று நீங்களே நினைத்தால் பார்ப்பவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். போன் தன் போக்கில் செய்கிற வேலை எது என்று தேடுங்கள்.

எங்களுக்கு வந்த தலைப்பு ‘காத்திருத்தல்’. ஏ3 தாள், ஒரே ஒரு படம். வரிசையாகப் போட்ட எட்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். அதற்குப் போனில் இருக்கும் பனோரமா வசதி, அதாவது போனைத் திருப்பிக்கொண்டே நீளமான படம் எடுப்பது, கைகொடுக்கும் என்று பட்டது. பனோரமா என்பது ஒரே நொடியில் எடுக்கும் படம் அல்ல, பட்டை பட்டையாக எடுத்து ஒட்டுவது. நான் போனை மெதுவாகத் திருப்ப, தோழி எழுந்து என் முதுகுக்குப் பின்னால் ஓடி அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், எட்டுப் பேராகிவிடுவாள்.

இரண்டு நாள் முயன்றோம். எட்டுப் பேர் ஒழுங்காக வரவே இல்லை. ஒரு முறை அவள் எழும்போது போன் இன்னும் அவளைத் தாண்டவில்லை. அவள் கை மூன்று நாற்காலிக்கு நீண்டு, ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது. நான் வழக்கம்போல் அழிக்கப் போனேன். அவள்தான் போனைப் பிடுங்கிக்கொண்டு, “இதுதான்டி காத்திருக்கிறது” என்றாள். சரிதான். காத்திருக்கும்போது உடம்பு அப்படித்தான் இழுபடும்.

அதற்கப்புறம் எட்டுப் பேரை விட்டுவிட்டோம். போன் திரும்பும் திசையிலேயே அவள் நகர்ந்தால் உடம்பு நீளுகிறது, எதிர்த் திசையில் நகர்ந்தால் குறுகுகிறது. எவ்வளவு வேகத்தில் நகர்ந்தால் எவ்வளவு நீளும் என்று நாற்பது, ஐம்பது படம் எடுத்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன், நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இதையெல்லாம் போட்டோஷாப்பிலேயே செய்யலாமே” என்று யாராவது கருத்து எழுதுவார்கள். செய்யலாம். எனக்கும் அது தெரியும். ஆனால் கை எங்கே வளையும், சட்டை மடிப்பு எங்கே கிழியும் என்று நான் முடிவு செய்யாமல் போன் முடிவு செய்தது. அந்த எதிர்பாராத தன்மை எனக்குத் தேவைப்பட்டது.

அச்சு விஷயம்தான் பலருக்குக் காலை வாரும். ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் ஏறக்குறைய 3508 × 4961 பிக்சல் வேண்டும். என் போனின் பனோரமா உயரம் சுமார் 1500 பிக்சல்தான். தாளை நிரப்ப இழுத்தால் மங்கிப்போகும். அதனால் தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, படத்தை இழுக்காமல் அப்படியே வைத்தேன்: 127 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. மீதி 170 மில்லிமீட்டர் வெள்ளை. ஓரத்தில் சின்ன எழுத்தில் தலைப்பு. அந்த வெறும் வெள்ளை இல்லாவிட்டால் போஸ்டர் இவ்வளவு பேசியிருக்காது. போனின் குறையே லேஅவுட்டை முடிவு செய்தது.

முதல் மாதிரி அச்சு மங்கலாகத்தான் வந்தது. காரணம், கோப்பை அரட்டைச் செயலியில் படமாக அனுப்பியிருந்தேன், அது சுருக்கிவிட்டது. ஆவணமாக அனுப்புங்கள். வண்ணமும் அப்படித்தான். திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது. திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் அடங்கிப்போகும். ஒரு சின்னத் துண்டு அச்சிட்டுப் பார்க்காமல் முழு அளவுக்குப் போகாதீர்கள்.

மொபைல் என்றதும் கியூஆர் குறி ஒட்டச் சொல்வார்கள். 1994-இல் ஜப்பானில் வாகன உதிரி பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது அது. சிதைந்த பகுதியைத் தானே ஈடுகட்டும் பிழைத் திருத்தம் அதில் உண்டு; அதை உச்சபட்ச நிலையில் வைத்தால் குறியில் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் போன் அதைப் படித்துவிடும், அதனால் அதைச் சிதைத்து விளையாடவும் இடம் உண்டு. சும்மா மூலையில் ஒட்டுவதற்கு என்றால் வேண்டாம்.

மதிப்பீட்டு நாளில் முதல் கேள்வியே, “இது தெரியாமல் வந்ததுதானே?” என்பது. நோட்டைத் திறந்து வைத்தேன். எந்தப் படம் தற்செயல், எதிலிருந்து வேண்டுமென்றே செய்தேன் என்று தேதியோடு இருந்தது. அப்புறம் அந்தக் கேள்வி எழவே இல்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்காட்சி முடிந்து போஸ்டரைக் கேட்கப் போனால், “அப்புறம் வா” என்றார்கள். மூன்று முறை போனேன். நான்காவது முறை, வர்ணம் பூசும் வேலைக்காக மேசை மேல் விரித்திருந்ததைப் பார்த்தேன். என்னுடையது மட்டுமல்ல, எங்கள் வகுப்பு முழுவதுடையதும். மாணவர் வேலை என்றால் இவ்வளவுதானா? இன்றும் ஆறவில்லை.

இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்றை யாரிடமும் கொடுக்காதீர்கள்.