கேஷும் காசும்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் 'ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்' என்று ஒரு பேச்சுப்போட்டி. முதல் சொல்லாகக் 'கேஷ்' வைத்திருந்தாள். காசுதான் கேஷ் ஆனது என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கில ஆசிரியை, அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல், எடுத்துவிடு என்கிறாராம். தமிழாசிரியரோ அகராதியிலேயே இருக்கிறது, எடுக்காதே என்கிறார். இருவருமே அகராதியைத்தான் காட்டுகிறார்கள். பிள்ளை நடுவில் முழிக்கிறது. யார் சொல்வது சரி?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

இரண்டு ஆசிரியர்களும் சரியான பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு பதிவைக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' இரண்டு தனிச் சொற்களாக இருக்கும். எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறப்பு வேறு. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே 1590களில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றன.

முதலில் ஆங்கில ஆசிரியையின் கேஷ். வங்கியில் 'கேஷ் கவுண்டர்' என்று எழுதியிருக்கிறதே, அது இதுதான். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. இத்தாலியில் அது 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த காலத்தில் அதற்குப் பணம் வைக்கும் பெட்டி என்றும் பொருள் இருந்தது. பெட்டியில் இருப்பதையும் அதே பெயரால் சொல்லிச் சொல்லி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. கேஷியர் என்றால் பெட்டிக்காரர். பாட்டு கேட்ட கேசட், விழுங்கும் கேப்ஸ்யூல், பாட்டில் அடுக்கும் கேஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். எல்லாமே ஏதோ ஒரு பெட்டி. நீதிமன்றத்து கேஸ் மட்டும் சேராது. அது 'விழுதல்' என்ற பொருளுள்ள வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. (நம் வாயில் அடுப்பு எரிக்கும் வாயுவும் கேஸ்தான். அதையும் சேர்த்தால் உங்கள் மகள் போட்டி நேரத்தைத் தாண்டிவிடுவாள்.) ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையை விட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று ஒரு வினை உண்டு. அதற்கும் பணப்பெட்டிக்கும் சம்பந்தமில்லை. டச்சு வழியாக வந்த இன்னொரு சொல்.

இனி தமிழாசிரியரின் கேஷ். அகராதியில் கீழே, கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். 'இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயம்' என்று பொருள் போட்டு, போர்ச்சுகீசிய மொழி வழியாகத் தமிழ்க் 'காசு' என்று மூலம் சொல்லியிருப்பார்கள். நம் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் காசு என்ற சொல்லைக் கேட்டு 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு கைஷா உண்டு. அதற்குப் பொருள் பெட்டி! அதே காப்ஸாவின் பிள்ளை. ஆக, இரண்டு சொற்களும் ஆங்கிலத்துக்குப் போகும் முன்பே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுவிட்டன. உங்கள் கடைத்தெரு குழம்பியதில் வியப்பில்லை.

இந்தக் காசு வழியை விளக்கமாக எழுதியவர்கள் யூலும் பர்னெலும். இந்தியாவில் ஆங்கிலத்தோடு கலந்த சொற்களுக்கென்று அவர்கள் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இருக்கிறது. தமிழ்க் காசைச் சமஸ்கிருதக் 'கர்ஷம்' என்ற எடைப் பெயரோடு முடிச்சுப் போட்டதும் அவர்கள்தான். அந்த வாதத்துக்குள் இப்போது போகவேண்டாம். ஆர்தர் பர்னெல் உங்கள் பக்கத்து ஆள் என்பதைச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சாகி வருமுன் 1882இல் இறந்துபோனார்.

நம்மிடமிருந்து போன காசுக்கு ஐரோப்பியர் வாயில் 'பணம்' என்ற பெரிய பொருள் கிடையாது. இருப்பதிலேயே சின்ன நாணயம், அவ்வளவுதான். கம்பெனியாரின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம் (இங்கே பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு என்று எண்ணிப் பாருங்கள். 1818இல் ரூபாய் கணக்கு வந்து இதை ஓரங்கட்டியது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்களும் தங்கள் அரசர் பெயரெழுத்தைப் பொறித்து ஈயத்திலும் செம்பிலும் 'கஸ்' அடித்தார்கள். டேனிஷ் மொழியில் பெட்டிக்கு 'கஸ்ஸ' என்று பெயர், அதுவும் காப்ஸா வழிதான். டான்ஸ்போர்க் கோட்டைக்குள் கஸ்ஸவில் கஸ்ஸைப் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் சீனம். நடுவில் சதுர ஓட்டை உள்ள, நூலில் கோக்கும் பழைய சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'கேஷ்' என்றுதான் பெயர். சீனர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. கிழக்கே போன வியாபாரிகள் நம் கடற்கரையில் கற்ற சொல்லை அங்கே ஒட்டிவிட்டார்கள். இதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் பழைய சீனக் காசுகள் குவியலாக மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் வைத்த சீன நாணயம் தமிழ் வயலில்! பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

காசு எப்போதும் இப்படிச் சில்லறையாக இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காலத்தில் கொடுத்த கொடைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்த காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டு, அந்த வட்டியில் கோயில் காரியம் நடத்தினார்கள். இறைவன் நீராடும் தண்ணீரில் ஏல அரிசியும் செண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் போடும் செலவுகூட அப்படித்தான் நடந்தது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நெல்லாக அளப்பவர்களுக்கு மூன்று குறுணி. அரைக்கால் காசு மூன்று குறுணி என்றால் முழுக் காசு இருபத்து நாலு குறுணி, அதாவது இரண்டு கலம் நெல். எட்டில் ஒரு பங்கு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. நகைக்கடன் வாங்கிச் சம்பா போடுகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிக்க மாட்டார்கள்.

சொல் அதற்கும் பழையது. வேப்பம்பழத்தை அலகில் கவ்விய கிளியைப் பார்த்து, புது நூல் கோக்கிற பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த பொற்காசு போல என்கிறார் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார். குற்றம் என்ற பொருளிலும் ஒரு காசு உண்டு. புகாரில் கோவலன் கண்ணகியைக் 'காசறு விரையே' என்று கொஞ்சுவது அந்தக் காசு. ஆங்கிலச் சொல்லுக்குத்தான் பல பிறப்பு, பல பொருள் என்று நினைக்கவேண்டாம்.

இன்று நாம் பேசும்போது காசும் கேஷும் ஒன்றல்ல. 'நெல்லு போட்டாச்சு, காசு வந்துடுச்சா?' என்று கேட்கலாம். கொள்முதல் நிலையத்திலிருந்து வங்கிக் கணக்கில் ஏறிய பணத்துக்கும் அது பொருந்தும். 'கேஷா, அக்கவுண்டா?' என்று கேட்பவர் களத்துக்கே வந்து சாக்கு பிடிக்கும் வியாபாரி. அங்கே கேஷ் என்றால் இப்போதே கையில் வைக்கும் நோட்டு. அந்த இடத்தில் காசு என்று சொன்னால் பொருள் நிற்காது. இந்தக் கேஷைத் தமிழ் என்று நிரூபிக்கப் பாடுபடவேண்டியதில்லை. நமக்கு வேண்டி வாங்கிக்கொண்டோம், நன்றாக உழைக்கிறது.

சரி, போட்டிக்கு வருவோம். கேஷை எடுக்கவேண்டாம். 'ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு, அதில் சின்னது எங்களுடையது' என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆசிரியர்களும் தலையாட்டுவார்கள். கூடவே தகராறில்லாத சொற்களாக, கட்டுமரத்திலிருந்து 'கேட்டமரான்', சுருட்டிலிருந்து 'செரூட்', மிளகுத் தண்ணீரிலிருந்து 'மல்லிகடானி' மூன்றையும் வைக்கலாம். அணைக்கட்டிலிருந்து வந்த 'அனிகட்' கட்டாயம் இருக்கட்டும். கல்லணைக்கு ஆங்கிலத்தில் 'கிராண்ட் அனிகட்' என்றே பெயர். 'ரைஸ்' மட்டும் வேண்டாம். அரிசியிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, கிரேக்கம், ஈரானியம், சமஸ்கிருதம் என்று எல்லோரும் பங்குக்கு வருவார்கள். அதற்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள்.